வளவு வீட்டில் மிருதங்கம்: 28 வருட வாத்தியார் வேலையில் கற்றது

செட்டிநாட்டு வீடு ஒன்றின் வளவில், அதாவது தூண் வைத்த உள்முற்றத்தில், உட்கார்ந்து மிருதங்கத்தில் வேகமாக ஒரு ஃபரன், ஓடுகிற சொற்கட்டு ஒன்று, வாசித்துப் பாருங்கள். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புச் சுவர், ஆத்தங்குடிக் கல் பாவிய தரை, பர்மா தேக்குத் தூண். இதில் எதுவும் சத்தத்தை உள்ளே வாங்காது. நீங்கள் வாசித்த 'தரிகிடதக' சுவரில் பட்டுத் திரும்பி வருவதற்குள் அடுத்த 'தரிகிடதக' கையை விட்டுக் கிளம்பியிருக்கும். இரண்டும் ஒன்றோடொன்று கலந்து, சொல் எது, எதிரொலி எது என்று தெரியாமல் போய்விடும்.

1997-இல், எனக்கு 23 வயதில், பள்ளத்தூரில் ஒரு 60-ஆம் கல்யாணச் சாந்தியில் இது எனக்குப் புரிந்தது. வாய்ப்பாட்டுக் கச்சேரி, நான் மிருதங்கம். தெரிந்ததை எல்லாம் வாசித்தேன். பந்தி முடிந்து வெற்றிலை வாங்கப் போனபோது அந்த வீட்டு ஆச்சி சொன்னார்: "தம்பி, நல்லாத்தான் அடிச்சீக. ஆனா பாட்டு ஒண்ணும் காதுல விழலையே." என் வாத்தியாரும் பட்டாலைக் கூடத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் வெகுநேரம் பேசவில்லை. காரைக்குடி வரப்போகிற நேரத்தில், "சுவரும் உன்கூட வாசிக்குதுடா. அது முடிக்கட்டும். அப்புறம் நீ வாசி" என்றார்.

அந்த வருடம்தான் நான் வகுப்பும் ஆரம்பித்தேன். இந்த 28 வருடத்தில் கற்றுக்கொடுத்தது, மேடையில் வாசித்தது, நாட்டியத்துக்கும் தாளவாத்தியக் குழுவுக்கும் புதிதாக அமைத்தது எல்லாவற்றிலும் அந்த வார்த்தை கூடவே வந்திருக்கிறது. தாளவாத்தியத்தைத் தொழிலாக எடுக்க நினைக்கும் பிள்ளைகள் என்னிடம் கேட்கிற கேள்விகளுக்கு இங்கே என் அனுபவத்திலிருந்து பதில் சொல்லிப் பார்க்கிறேன்.

எங்கள் பக்கத்துக்கு லயத்தில் ஒரு பெரிய சொத்து உண்டு. காரைக்குடியிலிருந்து பஸ் ஏறினால் சீக்கிரமே புதுக்கோட்டை. கஞ்சிரா என்கிற சின்னத் தோல்வாத்தியத்தைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த மான்பூண்டியா பிள்ளையின் ஊர் அது. அவருடைய சீடர் தட்சிணாமூர்த்திப் பிள்ளை, காரைக்குடி வீணைச் சகோதரர்களுக்கு மிருதங்கம் வாசித்தவர். மைக் எல்லா இடத்திலும் இல்லாத காலத்தில் வீணைக்கு வாசிப்பது என்றால் என்ன என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். மிருதங்கத்தில் ஒரு சாப்பு அடி பலமாக விழுந்தால் வீணையின் கமகம், அந்த மெல்லிய சுர அசைவு, கேட்காமல் போய்விடும். அப்பேர்ப்பட்ட லய விவகாரம் தெரிந்தவர், கையை அடக்கித்தான் உட்கார்ந்திருக்க வேண்டும். பின்னாளில் எங்கள் ஊர்ப் பெயரையே உலகம் முழுக்கக் கொண்டுபோனவர் காரைக்குடி மணி. 1945-இல் இங்கே பிறந்தவர், 2023 மே மாதம் காலமானார். பாட்டே இல்லாமல் லயத்தை மட்டும் வைத்து ஒரு கச்சேரி நிற்கும் என்று 'ஸ்ருதிலயா' குழுவைக் கொண்டு காட்டினார். நான் அவரிடம் படித்தவன் இல்லை, கேட்டு வளர்ந்தவன். சென்னையில் யாரிடமாவது காரைக்குடி என்று சொன்னால், "மணி சார் ஊரா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். அப்படிக் கேட்டபிறகு அலட்சியமாக வாசிக்க முடியாது.

வகுப்புக்கு வருகிறேன். 4 பிள்ளைகளோடு ஆரம்பித்தேன், மாதம் 75 ரூபாய். முதல் 3 வருடம் நான் நல்ல வாத்தியார் இல்லை. என் வாத்தியார் எனக்குச் சொன்ன மாதிரியே சொன்னேன். வாய்க்கணக்கு, கைக்கணக்கு, மறுபடி வாய்க்கணக்கு. கணக்கில் சுறுசுறுப்பான பிள்ளை தேறியது. மற்றவை தாளம் போடும் கையைப் பார்ப்பதா, சொல்லை நினைப்பதா என்று திணறின. சில பிள்ளைகள் நின்றேவிட்டன. அவர்களுக்கு லயஞானம் இல்லை என்று அப்போது நினைத்தேன். அது தப்பு. எனக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

தரைதான் எனக்கு வழி காட்டியது. அதே பள்ளத்தூர் ஆச்சி, சனி ஞாயிறுகளில் வகுப்பு நடத்தத் தன் வீட்டுப் பட்டாலையைக் கொடுத்தார். ஒரு மழை நாளில் வகுப்பு முடிந்தும் பிள்ளைகள் வீட்டுக்குப் போக முடியவில்லை. ஆச்சி பல்லாங்குழியும் ஒரு டப்பா புளியமுத்தும் எடுத்துக்கொடுத்தார். பிள்ளைகள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தரையில் கட்டம் கட்டமாக இருந்த ஆத்தங்குடிக் கல் கண்ணில் பட்டது. ஒரு வரிசையில் 8 கல்லை எடுத்துக்கொண்டால் ஆதி தாளத்தின் 8 அட்சரம், அதாவது 8 எண்ணிக்கை. ஒரு கல்லுக்கு 4 முத்து வைத்தால் சதுஸ்ர நடை. இரண்டு வரிசை சேர்ந்தால் தாளம் இரண்டு சுற்று, அதாவது 2 ஆவர்த்தனம், 64 முத்து.

அன்றிலிருந்து கோர்வையை, அதாவது கணக்குப் போட்டுக் கோத்து முடிக்கும் சொற்கட்டை, தரையில்தான் கட்டுகிறோம். ஒன்றைச் சொல்கிறேன், வீட்டில் செய்து பார்க்கலாம். 'ததிங்கிணதொம்' 5 மாத்திரை, அதாவது 5 முத்து. அதை மூன்று தரம் சொன்னால் 15. முதல் எழுத்தை நீட்டி 'தா, திங்கிணதொம்' என்றால் 6, மூன்று தரத்துக்கு 18. இரண்டாவதையும் நீட்டி 'தா, தீம், கிணதொம்' என்றால் 7, மூன்று தரத்துக்கு 21. மொத்தம் 54. இருப்பது 64. மீதி 10-ஐ முன்னால் வைத்துக்கொள்ள வேண்டும்: 'தகிட தகதிமி தகிட'. இப்போது பிள்ளை முத்தை வரிசையாக வைத்துக்கொண்டே வரும். 10 முடியும்போது இரண்டரைக் கல் ஆகியிருக்கும். முதல் 'ததிங்கிணதொம்' மூன்றாவது கல்லின் நடுவில் கிளம்பும். 9 வயதுப் பையன் ஒருவன் அங்கே விரலை வைத்துக்கொண்டு, "சார், கல்லுக்கு நடுவுல இருந்துல்ல கெளம்புது!" என்று கத்தினான். எதிர்த்தாளத்தில் எடுப்பது என்று இரண்டு வருடம் வாயால் சொல்லியும் புரியாதது அவனுக்கு அந்த இடத்தில் புரிந்துவிட்டது.

அப்புறம் ஒரு மாற்றம் செய்தேன். நீட்டுகிற இடத்தில், அதாவது கார்வையில், முத்துக்குப் பதில் ஒரு சோழி வைக்கச் சொன்னேன். மேலே சொன்ன கோர்வையில் 9 சோழி வரும். எந்தப் பிள்ளையாக இருந்தாலும் தப்பு அந்த 9 இடத்தில்தான் வரும். சொல்லை யாரும் விடுவதில்லை. சோழியைத்தான் விழுங்குகிறார்கள். இப்போது முதல் வாரம் சோழியை விரலால் தொட்டுவிட்டுத்தான் அடுத்த சொல்லைச் சொல்ல வேண்டும் என்று வைத்திருக்கிறேன். தொடுகிற நேரம்தான் கார்வை. கை மிருதங்கத்துக்குப் போனபிறகும் அந்தத் தொடுகை மனசுக்குள் இருக்கிறது. புதிதாக வகுப்பு எடுக்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: பிள்ளை எங்கே தப்புகிறது என்பதைவிட, எந்த இடத்தில் அவசரப்படுகிறது என்று பாருங்கள்.

பெண்பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு பெண் குழந்தை தன் அண்ணனைக் கொண்டுவந்து விட வரும்போது தினமும் வாசலில் நின்று தொடையில் தட்டிக்கொண்டிருந்தது. உள்ளே கூப்பிட்டேன். வீட்டில் யோசித்தார்கள். பாட்டு என்றால் சரி, வீணை என்றால் சரி, பொம்பளைப் பிள்ளைக்கு மத்தளம் எதற்கு என்றார் அதன் தாத்தா. திருக்கோகர்ணம் ரங்கநாயகி அம்மாளைப் பற்றி அவரிடம் சொன்னேன். 1910-இல் பிறந்தவர், தட்சிணாமூர்த்திப் பிள்ளையிடமே மிருதங்கம் கற்று மேடையில் வாசித்த பெண்மணி. வெளியூர்க் கதை இல்லை, பக்கத்துப் புதுக்கோட்டைக் கதை. ஐயா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நம்ம பக்கத்துலயேவா?" என்று கேட்டார். அந்தப் பெண் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். என் வகுப்பில் மிருதங்கத்தின் இடது பக்கமான தொப்பி அவள் அளவுக்குச் சுத்தமாகப் பேசுகிற கை வேறு இல்லை.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. கச்சேரியை மட்டும் நம்பி இந்தப் பக்கத்தில் குடும்பம் நடத்த முடியாது. ஆடியில் விசேஷம் இல்லை. மார்கழியில் சென்னைக்குப் போனால் போக வர, தங்கச் செலவு போக மிஞ்சுவது கொஞ்சம்தான். என் வீட்டு அரிசி, பருப்பு வகுப்பில்தான் வருகிறது, இப்போது மாதம் 900 ரூபாய் வாங்குகிறேன். முடியாத பிள்ளைக்கு இலவசம், ஆனால் அது மற்றவர்களுக்குத் தெரியாது. சான்றிதழை அலட்சியம் செய்யாதீர்கள். நான் குருகுலமாகப் படித்தவன், தாளில் எதுவும் இல்லாததால் ஒரு பள்ளிக்கூட வேலை கையை விட்டுப் போனது. சிவகங்கை அரசு இசைப்பள்ளி மாதிரி இடங்களில் 3 வருடம் முறையாகப் படித்துவிட்டு, யாரிடம் வேண்டுமானாலும் மேற்கொண்டு கற்றுக்கொள்ளுங்கள். வானொலித் தேர்விலும் வாசித்துக் காட்டுங்கள். எனக்குத் திருச்சி நிலையத்தில் 'பி' கிரேடு கிடைத்த பிறகுதான் வெளியூர்க்காரர்கள் தொகையைப் பேச ஆரம்பித்தார்கள். நாட்டியத்துக்கு ஜதி அமைத்துக் கொடுத்தால், ஒத்திகைக்கு முன்பே பாதியை வாங்கிக்கொண்டு, எதற்கு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். ஒருவருக்கு அமைத்துக் கொடுத்த தில்லானா ஜதி, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வேறு மூன்று அரங்கேற்றத்தில் ஒலித்தது. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

வாத்தியத்தைப் பார்த்துக்கொள்வதும் பாதி வித்தை. இதை நான் விலை கொடுத்துத்தான் கற்றேன். ஒரு பங்குனியில், கிராமத்துக் கோயில் திருவிழா. பாடுகிற அம்மாவுக்கு 5 கட்டைச் சுருதி. மத்தியானம் போய்ச் சேர்ந்தோம். சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் படுக்கலாம் என்று மிருதங்கத்தை வேனிலேயே விட்டுவிட்டேன். கண்ணாடி எல்லாம் மூடியிருந்தது. 3 மணி நேரம் கழித்து எடுத்தபோது உறை சுட்டது. வலது பக்கமான வலந்தலையில் கை வைத்தால் தகரம் மாதிரி இருந்தது, சுருதி எங்கேயோ ஏறிக் கிடந்தது. அவசரத்தில் புள் என்கிற மரத்துண்டை வைத்துத் தட்டிச் சுருதியை இறக்காமல், ஒரு பக்கம் சேரவில்லையே என்று கல்லை வைத்து ஒரு தட்டுத் தட்டினேன். வெடி வெடித்த மாதிரி ஒரு சத்தம். கொட்டுத்தோல் ஓரத்தோடு கிழிந்துவிட்டது. மேடையில் ஜமுக்காளம் விரித்தாகிவிட்டது, ஜனம் உட்கார்ந்துவிட்டது.

கூட வந்த கட வித்வான் என்னைவிட இளையவர். "அண்ணே, நான் பார்த்துக்கிறேன். நீங்க பக்கத்துல உக்காந்து தாளம் போடுங்க, போதும்" என்றார். அப்படியே செய்தேன். ஒன்றே கால் மணி நேரம் வெறும் கையோடு ஒரு கச்சேரியை முழுதாகக் கேட்டேன். பாடுகிறவர் எந்த இடத்தில் மூச்சு எடுக்கிறார், வயலின் எங்கே சங்கதியை முடிக்காமல் விடுகிறது, நான் வழக்கமாக எந்த இடத்தில் போய் விழுந்து மூடியிருப்பேன் என்பதெல்லாம் அன்றைக்குத்தான் தெரிந்தது. தாளவாத்தியம் மட்டும் வாசிக்கிற தனி வந்தபோது, கடம் வாசித்ததற்கு நான் கொன்னக்கோலில், அதாவது சொற்கட்டை வாயாலேயே சொல்லி, பதில் கொடுத்தேன். ஊர்க்காரர்கள் அதைத்தான் பெரிதாகப் பேசினார்கள். ஆனால் எனக்கு அன்று கிடைத்தது அதற்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்த நேரம். இப்போது என் மூத்த பிள்ளைகளை மாதம் ஒரு கச்சேரிக்கு வாத்தியம் இல்லாமல் கூட்டிப்போய் முன் வரிசையில் தாளம் போட வைக்கிறேன்.

வாத்தியத்துக்கு நான் வைத்திருக்கும் முறை இதுதான். எப்போதும் இரண்டு மிருதங்கம். தாழ்ந்த சுருதியான தக்குச் சுருதிக்கு 24 அங்குலம், உயர்ந்த சுருதியான ஹெச்சுச் சுருதிக்கு 22 அங்குலம். வெயிலில் வண்டிக்குள் விடுவதே இல்லை, பருத்திப் போர்வை சுற்றி என் பக்கத்திலேயே வரும். எங்கள் சீமையின் சித்திரை வெயிலில் தோல் இறுகிச் சுருதி ஏறும், ஐப்பசி மழையில் தளர்ந்து இறங்கும். அதனால் மேடைக்குப் போய் அரை மணி நேரம் வாத்தியத்தைச் சும்மா வைத்துவிட்டு அப்புறம்தான் சுருதி சேர்ப்பேன். தொப்பிக்கு ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து அப்பும்போது ஓரம் மெல்லிசாக, நடுவில் கனமாக இருக்கட்டும். கச்சேரி முடிந்ததும் அன்றைக்கே சுரண்டி, ஈரத்துணியால் துடைத்து வைத்துவிட வேண்டும். விட்டால் புளித்துத் தோலைக் கெடுத்துவிடும். மிருதங்கத்துக்குத் தோல் கட்டுகிற மூட்டுக்காரரைப் பற்றி ஒரு வார்த்தை: பசு, ஆடு, எருமை என்று மூன்று தோலையும் பக்குவம் பார்த்து, வலந்தலையின் நடுவில் கறுப்பாக இருக்கும் கரணையைத் துளித் துளியாகத் தேய்த்து ஏற்றி, நம் நாதத்தை உண்டாக்குகிறவர் அவர். அவரிடம் பேரம் பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. வீட்டுக்கு வந்தால் நாற்காலி போட்டு உட்கார வைத்துச் சாப்பாடு போடுங்கள்.

கடம் வேண்டும் என்றால் எங்களுக்கு மானாமதுரை கைக்கெட்டும் தூரம், ரயிலிலேயே போகலாம். அந்த ஊர் மீனாட்சி அம்மாவுக்குக் கடம் செய்வதற்காகவே 2014-ஆம் ஆண்டுக்கான சங்கீத நாடக அகாதமி விருது கிடைத்தது. மானாமதுரைக் கடம் கனமானது, விரல் தாங்குமா என்று முதலில் பாருங்கள். கழுத்து, வயிறு, அடி என்று சுற்றிச் சுற்றித் தட்டி, எல்லாப் பக்கமும் ஒரே நாதமா என்று கேட்டு வாங்குங்கள். மிருதங்கம் மாதிரி கல்லை வைத்துத் தட்டிச் சுருதி சேர்க்கிற வாத்தியம் இல்லை அது. கஞ்சிராவுக்கு உடும்புத்தோல் கேட்டு அலையாதீர்கள். உடும்பு சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட உயிர். ஆட்டுத்தோலிலும் செயற்கைத் தோலிலும் இப்போது நல்ல கஞ்சிரா வருகிறது.

கையைப் பற்றி ஒன்று. 2011-இல் நாட்டிய விழா ஒன்றுக்காக ஒரு வாரம் ஓயாமல் ஒத்திகை வாசித்து, வலது மணிக்கட்டு வீங்கி, 4 மாதம் வாசிக்க முடியவில்லை. சோற்றை இடது கையால் பிசைந்த நாட்கள் அவை. இப்போது 40 நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து சாதகம் செய்வதில்லை. 10 நிமிடம் கையை மடியில் வைத்துக்கொண்டு வாயால் சொல்கிறேன். வலியோடு வாசிப்பதைச் சாதனை என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

சிங்கப்பூர், மலேசியாவில் இருக்கிற நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு வீடியோவில் வகுப்பு எடுக்கிறேன். அங்கே காலை ஏழரை என்றால் இங்கே 5 மணி. சேர்ந்து வாசிக்க முடியாது, சத்தம் தாமதமாகப் போய்ச் சேரும். அதனால் நான் ஒரு ஆவர்த்தனம் சொல்வேன், அவர்கள் ஒரு ஆவர்த்தனம் திருப்பிச் சொல்வார்கள். மற்றதை எல்லாம் பதிவு செய்து அனுப்ப வேண்டும். லீவுக்கு ஊருக்கு வந்தால் நேராகப் பட்டாலைத் தரையில் உட்கார வைத்துவிடுவேன். முத்தும் சோழியும் திரையில் பார்த்தால் பழகாது.

கடைசியாக, அமைப்பது பற்றி. சில வருடங்களுக்கு முன் பிள்ளைகளுக்காக ஒரு தாளவாத்தியக் கச்சேரி அமைக்க நினைத்தேன். மிருதங்கம், கடம், கஞ்சிரா, கொன்னக்கோல். கணக்குக்கு மேல் கணக்காகப் போட்டு 20 நிமிடத்துக்கு ஒன்று செய்தேன். வாசித்தபோது பிள்ளைகள் சரியாகத்தான் வாசித்தார்கள், எனக்கே கேட்கப் பிடிக்கவில்லை. எந்தச் சொல்லும் எங்கள் ஊரிலிருந்து வந்த மாதிரி இல்லை.

அந்த வாரம் என் மனைவிக்குக் கண்டாங்கிச் சேலை எடுக்க ஒரு நெசவாளர் வீட்டுக்குப் போயிருந்தோம். உள்ளே தறி ஓடிக்கொண்டிருந்தது. மிதி அமுங்குகிறது, நாடா ஓடுகிறது, பலகை வந்து அடிக்கிறது. 'தொம், தரி, தக'. 5 மாத்திரை, கண்ட நடை. சேலையை மறந்து அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். மூன்று நாள் போய்க் கேட்டேன். கடத்துக்கு மிதி, கஞ்சிராவுக்கு நாடா, மிருதங்கத்துக்குப் பலகை என்று பிரித்தேன். கண்டாங்கியும் கண்டமும் சேர்ந்துகொண்டது என்று பிள்ளைகளுக்கு ஒரே சந்தோஷம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த நெசவாளரைப் பட்டாலைக்கு அழைத்து வாசித்துக் காட்டினோம்.

கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தலை ஆடியது. முடிந்ததும், "தறி மாதிரியேதான் இருக்கு. ஆனா ஒண்ணு. இழை அறுந்தா நாங்க நிறுத்திருவோம். முடிச்சுப் போட்டுட்டுத்தான் மறுபடி மிதிப்போம். உங்கள்ல யாருமே நிறுத்தலையே" என்றார்.

யாரும் பேசவில்லை. நான் டப்பாவிலிருந்து சோழிகளை எடுத்தேன். எட்டாவது ஆவர்த்தனத்தில் இழை அறுகிற மாதிரி கஞ்சிரா மட்டும் பாதிச் சொல்லில் நின்றுவிடும், எல்லோரும் 10 சோழி காத்திருக்க வேண்டும், அப்புறம் மிதி. அதைப் பழக்க எங்களுக்கு 5 வாரம் ஆனது. மற்ற பகுதி எல்லாம் 2 வாரத்தில் முடிந்திருந்தது.

போன தையில் அந்த வளவிலேயே வாசித்தார்கள். கஞ்சிரா நின்றது. 8 பிள்ளைகளின் கையும் அப்படியே நின்றது. சுவரிலிருந்து கடைசிச் சொல் திரும்பி வந்து தேய்ந்தது. முன்னால் உட்கார்ந்திருந்த ஆச்சி, என்ன ஆயிற்று என்று என்னைப் பார்த்தார். நான் விரலைக் காட்டினேன். கடம் மிதித்தது.